பச்சைப் பக்கத்துக் கோழிகள்

வீட்டிலும் அவள் அக்காதான், ஆய்வகத்திலும் அக்காதான். வீட்டில் அப்படிக் கூப்பிட ஒரே ஒரு தம்பிக்கு மட்டும் உரிமை இருந்தது. கோழி நோய் ஆய்வகத்திலோ, அவளைவிட மூத்தவரான பிப்பெட் அண்ணன்கூட அந்த உரிமையை எடுத்துக்கொண்டிருந்தார். துளித் துளியாக உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டைச் சட்டைப் பையில் பேனா போலச் செருகியபடி ஒருமுறை கல்யாண வீட்டுக்கே போய் வந்தவர் அவர். அன்று ஒட்டிக்கொண்ட பேர் அது. சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அன்று காலை இருவரும் ஜன்னல் ஓரமாக நின்று, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு நிறையச் சின்னச் சின்னக் குழிகள்.

"அக்கா, இது நம்ம தட்டுதானா? யாரோடதாவது மாறிப் போச்சா?"

அக்கா தட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். அவர்கள் தட்டேதான்.

தட்டு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் என்ற நோயைக் கொடுக்கும் வைரஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கண்டால் அது விடாது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிடித்துக் கோத்துவிடும். கோக்கப்பட்ட அணுக்கள் குழியின் அடியில் போய் உட்கார முடியாமல் மெல்லிய வலை போலப் பரவி நிற்கும். ஆனால் கோழியின் இரத்தநீரில் அந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது முந்திக்கொண்டு வைரஸின் கைகளைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது பிடிக்க ஆளில்லாத சிவப்பணுக்கள் சறுக்கி இறங்கி, குழியின் நடுவில் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துகொள்ளும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த் துளி மாதிரி ஒழுகும். இரத்தநீரைக் குழிக்குக் குழி பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். எவ்வளவு நீர்த்த பிறகும் பொட்டு விழுகிறதோ, அந்தக் கோழிக்கு அவ்வளவு பலம்.

தட்டின் மேல்பாதியில் பொட்டுகள் வரிசை வரிசையாக நீண்டிருந்தன. கீழ்ப்பாதியில் ஓரிரு குழிகளோடு நின்றுவிட்டன. அதற்கப்புறம் வெறும் வலை.

மேல்பாதி, வெறும் தண்ணீர் குடித்து வளர்ந்த கோழிகள். கீழ்ப்பாதி, அக்காவின் மூலிகைச் சாறு குடித்து வளர்ந்த கோழிகள்.

"தலைகீழா இருக்கே," என்றார் பிப்பெட் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

"தலைகீழாத்தான் இருக்கு அண்ணே. இன்னொரு தடவை போட்டுப் பார்த்துடுங்க."

அவர் மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான் வந்தது.

மற்ற சமயமாக இருந்தால் அக்கா அதை ஒரு புதிராக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் கோழிகள் ஆய்வகத்துக் கூண்டுக் கோழிகளாக இருந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அவை தம்பியின் கோழிகள்.

தம்பி நகரத்தின் விளிம்பில், வாய்க்காலை ஒட்டி, முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்தான். போன வருஷம் வெள்ளைக் கழிச்சல் வந்து கொட்டகையைத் துடைத்தெடுத்துவிட்டுப் போனது. அந்த நோய் வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. கோழி கழுத்தைத் திருகிக்கொள்ளும், மேலே பார்த்து வாயைப் பிளக்கும், மூச்சுக்கு ஏங்கும். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தம்பி நின்று பார்த்தான். கடைசிக் கோழியையும் புதைத்து முடித்துக் கொட்டகைக் கதவைச் சாத்தியவன், பல மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கண்டெய்னர் லாரி ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெரிய சக்கரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினான். அவன் மனைவி தையல் வேலை செய்பவள். போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் போய் வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போய் நின்றாள்.

"உன் கொட்டகையை எனக்குக் குடு. என் சாறை அங்க வளர்ற கோழிக்குக் குடுத்துப் பார்க்கணும்."

"என் கொட்டகைக்கு ராசி இல்ல அக்கா."

"ராசியை யாரு கேட்டா? நடுவுல கட்டறதுக்குக் கம்பிவலை இருக்கா?"

"இருக்கு."

"அது போதும்."

அவன் பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "இந்த ஒரு தடவைதான். இதுவும் போச்சுன்னா நான் கெளம்பிடுவேன். அப்புறம் வாசல்ல வந்து நின்னு அழக் கூடாது."

"அழ மாட்டேன்," என்றாள் அக்கா. சொல்லும்போதே பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சாறு என்று அவள் சொன்னது நிலவேம்பு, கீழாநெல்லி, துளசி, மஞ்சள் நான்கும் சேர்ந்தது. இலைகளை நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் சரக்கு பறந்துவிடும். பிறகு பொடித்து, கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் ஊறவைத்து, வடிகட்டி, சுண்ட வைத்தால் கரும்பச்சையாக ஒரு கசப்புக் குழம்பு கிடைக்கும். அதில் கொஞ்சம் குடிதண்ணீரில் கலந்தால் போதும். கோழிக்கு நம்மைப் போல நாக்கு முழுக்க ருசி அறியும் மொட்டுகள் கிடையாது. அதனால் இந்த அளவுக் கசப்பை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. "குடுத்து வெச்சதுங்க," என்றான் தம்பி. சின்ன வயதில் அக்கா கொடுத்த கஷாயத்தையெல்லாம் ஜன்னல் வழியாகக் கொட்டி, கீழ்வீட்டுக்காரியின் பூச்செடியைப் பட்டுப்போக வைத்தவன் அவன்.

சாறு நோயை விரட்டும் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. விரட்டுவது உடம்பு. பலவீனமாக்கிய வைரஸை உயிரோடு தண்ணீரில் கலந்து கொடுப்பதுதான் கோழிகளுக்கான தடுப்பு மருந்து. உடம்பு அதனோடு விளையாட்டுச் சண்டை போட்டுப் பழகிக்கொள்ளும். நிஜமான வைரஸ் வரும்போது ஆளை அடையாளம் தெரியும். சாறு குடித்து வளர்ந்த உடம்பு அந்தப் பாடத்தை இன்னும் நன்றாகப் படிக்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி. கூண்டுக் கோழிகளில் படித்தது. தூசும் வெக்கையும் எலியும் காக்கையும் உள்ள நிஜக் கொட்டகையில் படிக்குமா?

கொட்டகையின் நடுவில் கம்பிவலை கட்டினார்கள். வலப்பக்கம் சாறு கலந்த தண்ணீர், அது பச்சைப் பக்கம். இடப்பக்கம் வெறும் தண்ணீர், அது வெறும் பக்கம். தீவனம், தரையில் போட்ட உமி, விசிறி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. வித்தியாசம் தண்ணீரில் மட்டும் இருந்தால்தான், பிறகு தெரியும் வித்தியாசத்துக்குத் தண்ணீரைக் காரணம் சொல்ல முடியும்.

தம்பிக்கு இதில் ஒரு மனக்குறை. "அப்போ வெறும் பக்கத்துக்கு ஒண்ணுமே கிடையாதா? பாவம் இல்லையா?"

"அதுங்களுக்கு நீ இருக்கியே."

அதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டான். வெறும் பக்கத்துக்குத் தீவனம் போடும்போது சீட்டியடித்தான். அப்புறம் பச்சைப் பக்கம் கோபித்துக்கொள்ளுமோ என்று அங்கேயும் அடித்தான். குஞ்சுகள் இறகு மாற்றி, கழுத்து நீண்டு, கோழிகளாகிக்கொண்டு வந்தபோது அவன் குரலும் மாறிக்கொண்டு வந்தது. அக்காவுக்குத் தினம் போன் வரும். "பச்சைப் பக்கத்துல ஒருத்தி இருக்கா அக்கா, கம்பி மேல ஏறி உக்காந்துக்கிட்டு மேனேஜர் மாதிரி என்னையே பார்க்கறா." பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்கும்: "நான் புதுச் சட்டை போட்டா பார்க்கறதுக்கு ஆள் இல்ல. கோழி பார்க்கறது மட்டும் தெரியுது." போனை வைத்த பிறகும் அக்கா கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். பெட்டி இன்னும் கூடத்தில்தான் நிற்கிறதா என்று கேட்க மட்டும் அவளுக்குத் துணிவு வந்ததில்லை.

அந்தப் பச்சைப் பக்கம்தான் இப்போது தட்டின் கீழ்ப்பாதியில் வலையாக விரிந்து கிடந்தது.

தன் சாறு உடம்பைப் படிக்க வைக்கவில்லை, படிக்கவிடாமல் கெடுத்திருக்கிறது. அப்படித்தான் அக்கா நினைத்தாள். வேறு எப்படி நினைப்பது? எல்லாம் ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. கட்டுப்பாட்டை அவளே அவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தாள். தப்பித்து ஓட ஒரு சந்துகூட விட்டுவைக்கவில்லை.

மத்தியானம் பிப்பெட் அண்ணன் இன்னொரு செய்தியோடு வந்தார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையிலேர்ந்து செத்த கோழி கொண்டு வந்திருக்காங்க. வெள்ளைக் கழிச்சல் மாதிரிதான் தெரியுது."

அக்கா கோட்டைக் கழற்றி மாட்டினாள். அந்தச் செத்த கோழி இருந்த அறைப் பக்கம் போகாமல், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, துணி மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். வைரஸ் காலோடும் துணியோடும் வரும். பாசத்துக்காக அது வழிவிடாது.

தம்பி கொட்டகை வாசலில், கால் நனைக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். வாய்க்கால் செய்தி அவனுக்கும் எட்டியிருந்தது. முகம் போன வருஷத்து முகமாக ஆகியிருந்தது.

"நம்மதுக்குத் தடுப்பு இருக்குல்ல?" என்றான் எடுத்த எடுப்பில். "இரத்தம் எடுத்துட்டுப் போனியே. பார்த்தியா?"

அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் அக்கா உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் கலைந்துபோயிற்று.

"வெறும் பக்கத்துக்கு நல்லா இருக்கு. பச்சைப் பக்கத்துக்கு இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. நோய் வந்தா தாங்காது." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பு என்னோடது. என் சாறு அதுங்களைக் கெடுத்துடுச்சு. கூண்டுல நாலு கோழி நல்லா இருந்ததைப் பார்த்துட்டு, உன் வாழ்க்கையில கொண்டு வந்து கொட்டிட்டேன். இன்னிக்கே அதை நிறுத்திடு. ஆய்வகத்துலயும் சொல்லிடறேன். இந்த மூலிகை வேண்டாம், இதோட மூட்டை கட்டிடலாம்னு."

தம்பி கையில் பிரஷ்ஷோடு நின்றான். அவன் சும்மா இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பழி மொத்தமும் ஒரு பாட்டில் கரும்பச்சைச் சாற்றின் தலையில் விழுந்திருக்கும். அது வாய் திறந்து எதிர்த்துப் பேசப் போவதில்லை.

"அக்கா, அப்படிச் சொல்லாதே," என்றான். "அதும்மேல தப்பு இல்ல."

"இருக்கு. எல்லாம் ஒரே மாதிரிதானே வெச்சோம். அது ஒண்ணுதான் வித்தியாசம்."

"இன்னொண்ணு இருக்கு."

அக்கா நிமிர்ந்தாள்.

"தடுப்பு மருந்து குடுத்த அன்னிக்குக் காலையில..." அவன் பிரஷ்ஷைத் தொட்டிக்குள் போட்டான், மறுபடி எடுத்தான். "நீ சொன்னபடிதான் செஞ்சேன். விடிஞ்சதும் தண்ணியை நிறுத்தணும், தாகத்துல இருந்தாதான் மருந்துத் தண்ணியை ஒரு சொட்டு விடாம குடிக்கும்னு சொன்னே இல்ல? முதல்ல வெறும் பக்கத்துத் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவினேன். அப்புறம் பச்சைப் பக்கத்துக்கு வந்தேன். அதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. எல்லாம் கம்பிக்கிட்ட வந்து கூடிடுச்சு அக்கா. தாகம். கழுத்தை இப்படித் தூக்கிக்கிட்டு, வாயைப் பிளந்துக்கிட்டு..."

அவன் தன் கழுத்தைத் தூக்கிக் காட்டினான். காட்டிய பிறகு இறக்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்காவுக்குப் புரிந்தது. போன வருஷம் அவன் நின்று பார்த்த கோழிகளும் அப்படித்தான் வாயைப் பிளந்திருந்தன.

"ஒரு வாய் குடிக்கட்டும்னு, தொட்டியிலேர்ந்து தண்ணித் தட்டுக்குப் போற குழாயைத் திறந்தேன். தொட்டியில முந்தின நாளு கலந்த பச்சைத் தண்ணி மிச்சம் இருந்துச்சு. ஒரு வாய்தான் நினைச்சேன். அதுங்க விடணுமே. அப்புறம் மருந்துத் தண்ணியை அதே தட்டுல ஊத்தினேன், மேலாக்க. நல்லதோட நல்லது சேர்ந்தா இன்னும் நல்லதுதானேன்னு..."

"வெறும் பக்கத்துக்கு ஏன் குடுக்கல?"

"அந்தத் தொட்டிதான் காலியாச்சே. இருந்திருந்தா அதுங்களுக்கும் குடுத்திருப்பேன்."

அவ்வளவு நேர்மையாக அவன் சொன்ன விதத்தில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் சிரிப்பு மாதிரி வந்தது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தம்பி பயந்துபோனான்.

"திட்டணும்னா திட்டிடு அக்கா. இப்படிப் பண்ணாதே."

"திட்டறதுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்கி வைக்கறேன். நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா? உக்காரு, சொல்றேன்."

அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"தாகம் தீர்ந்துபோன கோழி மருந்துத் தண்ணியைச் சரியா குடிச்சிருக்காது. அது ஒண்ணு. இன்னொண்ணு, அந்த மருந்து பொடி இல்ல, டானிக் இல்ல, உயிருள்ள வைரஸ். ரொம்ப மென்மையான சரக்கு. குழாய்த் தண்ணியில இருக்கற குளோரின் பட்டாலே செத்துடும். அதனாலதானே கொஞ்சம் பால்பவுடர் கலக்கச் சொன்னேன். அதைக் கொண்டுபோய் என் சாறு மேல ஊத்தியிருக்கே. வைரஸைப் பிடிக்காத சரக்கு அதுல எவ்வளவு இருக்கு தெரியுமா? வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வாத்தியாரைக் கூப்பிட்டோம். நீ காவல்காரனை வாசல்ல நிறுத்தி வாத்தியாரை அடிச்சு விரட்டிட்டே."

தம்பி தலையைச் சொறிந்தான். "அப்போ சாறு வேலை செய்யுதா?"

"தப்பான நேரத்துல, தப்பான ஆள்கிட்ட வேலை செஞ்சிருக்கலாம். பிப்பெட் அண்ணனை விட்டு முட்டையில வெச்சுப் பார்க்கச் சொல்றேன்." அவள் எழுந்தாள். "அது அப்புறம். இப்போ பச்சைப் பக்கத்துக்கு மறுபடி தடுப்பு குடுக்கணும். இந்தத் தடவை தண்ணியில இல்ல, கண்ணுல. சாறு இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது."

"வெறும் பக்கத்துக்கு?"

"அதுங்களுக்கு இப்போ குடுத்தா, உடம்புல ஏற்கெனவே இருக்கற எதிர்ப்பே மருந்தை முழுங்கிடும். பிரயோசனம் இல்ல. அதுங்க பாஸ் ஆயிடுச்சு, விட்டுடு."

வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் மனைவி வாசலுக்கு வந்தாள். சட்டைக் கழுத்தில் குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. "அண்ணி, எனக்கும் ஒரு சொட்டு பாட்டில் குடுங்க. பட்டன் துளையில நூல் கோக்கற கைக்குக் கோழிக் கண்ணு பெரிய விஷயமில்ல."

"குண்டூசியெல்லாம் எடுத்து வெச்சுட்டு வா தாயே," என்றாள் அக்கா.

பொழுது சாயட்டும் என்று காத்திருந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது. இருந்த இடத்திலேயே அடங்கி உட்காரும், அடித்துப் புரளாது. ஐஸ் பெட்டியில் வந்த மருந்தைக் கலந்து சொட்டு பாட்டில்களில் நிரப்பினாள் அக்கா. தம்பி கோழியை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுப்பான், தலையை ஒருக்களித்துப் பிடிப்பான். கண்ணின் மேல் ஒரு சொட்டு விழும். உடனே விட்டுவிடக் கூடாது. கோழி கண்ணைச் சிமிட்டி, சொட்டு உள்ளே இறங்குகிற வரை பிடித்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரப்பி உண்டு. எதிர்ப்புப் பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிடும். மிச்சம் கண்ணிலிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் வழிந்து போகும். கோழி ஒருமுறை விழுங்குவது கையில் தெரியும்.

"முழுங்கிட்டா," என்பான் தம்பி ஒவ்வொரு தடவையும். அப்புறம் அதன் முதுகை ஒரு தடவு தடவிவிட்டுக் கீழே விடுவான்.

"ஒவ்வொண்ணுக்கும் தடவிக்கிட்டு இருந்தா எப்ப முடியும்?" என்றாள் அவன் மனைவி.

"பயந்திருக்குடி."

"கோழியா நீங்களா?"

அவன் அடுத்ததை எடுத்தான். அதற்கப்புறம் அவளும் சொட்டு விடுவதற்கு முன்னால் கோழியை ஒரு தடவு தடவ ஆரம்பித்திருந்ததை அக்கா பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். கடைசியாகக் கம்பி மேல் உட்கார்ந்திருந்த மேனேஜரம்மாவைப் பிடித்து இறக்கினார்கள். அவள் அக்காவின் மணிக்கட்டில் ஒரு கொத்து வைத்துவிட்டுத்தான் கண்ணைக் காட்டினாள்.

மருந்து விட்டதோடு பலம் வந்துவிடாது. உடம்பு படித்துத் தேற நாள் பிடிக்கும். அந்த நாட்களில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை முழுவதும் காலியானது. காக்கைகள் அங்கிருந்து இங்கே வராமலிருக்கத் தம்பி கொட்டகையைச் சுற்றி மீன்வலை கட்டினான். பால்காரர் உட்பட யாரையும் கேட்டுக்குள் விடவில்லை. அக்காவையும் சேர்த்துத்தான். அவளே சொன்ன சட்டம் அது. போனில் அவன் குரல் மட்டும் வந்தது. "பச்சைப் பக்கத்துல ஒண்ணு தும்மிச்சு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும்: "தூசு. தூசுதான்." அவளும் இங்கே போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். கண் சொட்டுக்குப் பிறகு சில கோழிகள் லேசாகத் தும்முவது வழக்கம்தான், உடம்பு பாடம் படிக்கிறது என்பதற்கு அடையாளம்தான் என்று அவனுக்கு விளக்கினாள். விளக்கி முடித்த பிறகு தனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் பிப்பெட் அண்ணன் கருவுள்ள முட்டைகளில் சோதித்துப் பார்த்தார். தடுப்பு மருந்தை மட்டும் செலுத்திய முட்டைகளில் வைரஸ் ஜாம் ஜாமென்று பெருகியிருந்தது. சாற்றோடு கலந்து செலுத்திய முட்டைகளில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. "அக்கா, உங்க காவல்காரன் பொல்லாத ஆளு," என்றார் அவர்.

ஆபத்து கடந்து, மறுபடி இரத்தம் எடுத்த பிறகு, தட்டைப் பார்க்கத் தம்பியே ஆய்வகத்துக்கு வந்தான். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். மேல்பாதியில் சிவப்புப் பொட்டுகள் ஒழுகின. கீழ்ப்பாதியிலும் ஒழுகின. வரிசையாக, மேலே இருப்பதையும் தாண்டி, தட்டின் விளிம்பை நெருங்கும் வரைக்கும் ஒழுகின.

"இது எல்லாம் பச்சைப் பக்கமா?"

"ஆமா."

"அப்போ ஜெயிச்சிடுச்சு! உன் சாறு ஜெயிச்சிடுச்சு அக்கா!"

அக்காவுக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. "அப்படிச் சொல்ல முடியாதுடா. வெறும் பக்கம் எப்பவோ தண்ணியில மருந்து குடிச்சுது. பச்சைப் பக்கத்துக்குப் புதுசா, கண்ணுல, ஒண்ணு ஒண்ணா விட்டோம். ஒருத்தனை நடக்க விட்டுட்டு இன்னொருத்தனை சைக்கிள்ல ஏத்திவிட்டா, யாரு கால்ல பலம்னு எப்படிச் சொல்றது? இது என் சாறா இருக்கலாம், கண் சொட்டா இருக்கலாம். தெரியாது. இந்தச் சோதனை கெட்டுப்போச்சு."

தம்பியின் முகம் விழுந்தது. "என்னாலதான்."

"கோழி எல்லாம் உயிரோட இருக்கு. அதுவும் உன்னாலதான். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் சாறைக் குப்பையில போட்டுட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பேன்."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுகி நின்ற ஒரு பொட்டைக் கண்ணால் தொடர்ந்து போனான்.

"மறுபடி முதல்லேர்ந்து செஞ்சா தெரியுமா?"

"தெரியலாம்."

"அப்போ குஞ்சுக்குச் சொல்லி வை," என்றான்.

அக்கா தட்டை மேஜையில் வைப்பதில் மும்முரமானாள். வைப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பேச வேண்டிய இடத்தில் பிப்பெட் அண்ணன்தான் பேசினார். "லாரி என்னாச்சு தம்பி? துறைமுகம் காத்துக்கிட்டு இருக்குன்னாங்களே."

"லாரிக்கு வேற டிரைவர் கிடைப்பான் அண்ணே. அக்காவோட சோதனையைக் கெடுத்தது நானு. நான்தானே சரி பண்ணணும்?" பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஒண்ணு மட்டும். தடுப்பு மருந்து குடுக்கற அன்னிக்கு நீ வந்துடணும். அதுங்க வாயைத் திறந்தா என் கை தானா குழாய்க்குப் போகும். எனக்கு நல்லாத் தெரியும். பிடிச்சுக்க ஆள் வேணும்."

பழைய கோழிகள் முட்டையிடும் பருவம் வந்து பின்கொட்டகைக்கு மாறின. மேனேஜரம்மா அங்கேயும் உயரமான கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முன்கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, நடுவில் அதே கம்பிவலையைக் கட்டிப் புதுக் குஞ்சுகளை இறக்கினார்கள். தடுப்பு மருந்துக் காலையில் அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள். கூடத்தைக் கடக்கும்போது பெட்டி திறந்து கிடந்ததைப் பார்த்தாள். அது நிறைய வெட்டுத்துணிகள், நூல்கண்டுகள், பாதி தைத்த ஒரு சட்டைக் கை. "இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுது அண்ணி. எதுக்காவது ஆகட்டுமேன்னு," என்றாள் தம்பியின் மனைவி, ஒன்றும் பெரிதாக நடந்துவிடாத குரலில்.

இந்த முறை இரண்டு பக்கத் தொட்டிகளும் காலி. சாறு இருந்த பீப்பாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை கழுவியிருந்தான் தம்பி. வெயில் ஏறியது. குஞ்சுகள் முதலில் முணுமுணுத்தன, பிறகு கத்தின, பிறகு கம்பியோரம் வந்து கூடிக் கழுத்தைத் தூக்கின. வாய்கள் திறந்தன.

தம்பி குழாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தாகம் என்பது இங்கே கெடுதல் இல்லை, கொஞ்ச நேரத் தாகம்தான் மருந்து முழுவதையும் உள்ளே கொண்டுபோகும் வண்டி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறாள். இருந்தாலும் ஒரு குஞ்சு கம்பிக்குள் அலகை நீட்டி அவளையே பார்த்துக் கத்தியபோது அவள் கால் ஓர் அடி முன்னால் போய்விட்டது. இப்போது தம்பிதான் அவளைப் பிடித்து இழுத்தான்.

"எங்க போற?"

"எங்கயும் போகல."

"வாய்தான் பெருசா பேசத் தெரியும்."

நேரம் வந்ததும் மருந்துத் தண்ணீரை ஊற்றினார்கள். அக்கா அதில் ஒரு நீலச் சாயம் கலந்திருந்தாள். தீங்கில்லாத சாயம். எந்தக் குஞ்சு குடித்தது, எது குடிக்கவில்லை என்று அது சொல்லிவிடும். குஞ்சுகள் தட்டில் பாய்ந்தன. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் குடித்து, தலையை மேலே தூக்கி விழுங்கி, மறுபடி குனிந்தன. சத்தம் அடங்கிக்கொண்டே வந்து, அலகுகள் தண்ணீரில் படுகிற சின்ன ஓசை மட்டும் மிஞ்சியது.

தட்டுகள் காய்ந்ததும் தம்பி பச்சைப் பக்கத்தில் கை போட்டு ஒரு குஞ்சை எடுத்தான். கட்டைவிரலால் அலகை மெல்லத் திறந்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அக்காவிடம் காட்டினான்.

நாக்கு நீலமாக இருந்தது.

"குடிச்சிட்டா," என்றான். முதுகை ஒரு தடவு தடவிவிட்டுக் கீழே விட்டான். வெறும் பக்கத்துக் குஞ்சைப் பார்க்கக் கம்பிவலையைத் தாண்டிப் போனான்.